விதியும் விரலும்

விரும்பியதை விரும்பியவாறு செய்வதே சுதந்திரம் என்பது பலருடைய எண்ணம். விதி என்பது அச்சுதந்திரத்துக்குப் பகை என்பது அவ்வெண்ணத்தின் மறுபாதி. பள்ளிச் சிறுவன் முதற்கொண்டு பேரவைகளில் உரையாற்றும் பெரியோர் வரை பலரும் இவ்விரு சொற்களையும் எதிரெதிரே நிறுத்தியே பேசுகின்றனர். இக்கருத்தில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வதற்கு அரசியல் நூல்களையும் சட்ட நூல்களையும் புரட்ட வேண்டியதில்லை. மின்கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, முன்பே பதிவு செய்யப்பட்ட பின்னணி இசையின்மேல், அந்தந்தக் கணத்தில் உள்ளத்தில் தோன்றுவதை வாசித்துப் பழகும் ஓர் இளைஞனின் செயலைக் கூர்ந்து நோக்கினாலே போதும்.

கித்தார் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் தமிழாசிரியர் சிலர் இன்றும் உளர். நீண்ட முடியும் உரத்த ஒலியுமே அவர்தம் நினைவில் எழும். அவ்வெண்ணத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு நோக்கினால், ஒழுக்கம் பற்றிய பழைய வினாக்கள் பல அக்கருவியின் ஆறு தந்திகளின்மேல் நாள்தோறும் மீண்டும் எழுப்பப்படுவதைக் காணலாம். விதிக்கு அடங்கியவன் நல்லவன் ஆவானா? செயலின் நன்மை தீமை செயலிலேயே உள்ளதா, சூழலில் உள்ளதா? செய்துவிட்ட பிழைக்குப் பின் என்ன செய்வது? பிறர் உழைப்பின்மேல் நின்றுகொண்டு தன் குரலை உயர்த்துபவன் அப்பிறருக்குக் கடன்பட்டவனா?

முதலில் செயலின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். மேலைநாட்டு இசை ஒரு தானத்தைப் பன்னிரண்டு அரைச்சுரங்களாகப் பகுக்கிறது. கித்தாரின் கழுத்தில் ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஓர் அரைச்சுரம். தொடங்கிய இடத்திலிருந்து இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற கணக்கில் மெட்டுகளைக் கடந்து சென்றால் கிடைப்பது மேஜர் சுரவரிசை. அதே ஏழு சுரங்களை வைத்துக்கொண்டு, ஆறாவதாக வரும் சுரத்தைத் தொடக்கமாகக் கொண்டால் கிடைப்பது மைனர் சுரவரிசை. சி என்னும் சுரத்தில் தொடங்கும் மேஜர் வரிசையிலும், ஏ என்னும் சுரத்தில் தொடங்கும் மைனர் வரிசையிலும் உள்ள சுரங்கள் ஒன்றே, ஒன்றுகூட மாறுவதில்லை. மாறுவது எது வீடு, எது தெரு என்பது மட்டுமே.

தமிழிசை பயின்றோர்க்கு இது புதிதன்று. மேஜர் வரிசையின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்கள். மைனர் வரிசையின் சுரங்கள் நடபைரவியினுடையவை. கித்தார் பயில்வோர் முதன்முதலில் கற்கும் ஐந்து சுர மைனர் வரிசை சுத்த தன்யாசியின் சுரங்களையும், ஐந்து சுர மேஜர் வரிசை மோகனத்தின் சுரங்களையும் உடையன. ஆதார சுரத்தை மாற்றி ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுதலை நம் இசை நூலோர் கிரகபேதம் என வழங்குவர். எனினும் சுரங்கள் ஒன்றாயிருப்பதனால் இராகமும் ஒன்றே என்று கொண்டுவிடலாகாது. கமகமும் பிடியும் நடையும் சேர்ந்தே இராகம் ஆகிறது. இங்கே ஒப்பிடப்படுவன எலும்புக்கூடுகள் மட்டுமே.

கித்தாரில் மற்றொரு வசதி உண்டு. விரல்கள் ஒரு வரிசைக்கு உரிய அமைப்பைக் கற்றுக்கொண்டால், அதே அமைப்பை அப்படியே மேலே நகர்த்தி வேறொரு சுரத்திலிருந்தும் வாசிக்கலாம். புதிதாக எதையும் எண்ண வேண்டியதில்லை. இந்த வசதியால் பயில்வோன் சில வாரங்களிலேயே பின்னணிப் பதிவு ஒன்றின்மேல் குற்றமற்று ஒலிக்குமாறு வாசிக்கத் தொடங்கிவிடுகிறான். பின்னணி ஏ மைனரில் அமைந்ததா? ஐந்தாம் மெட்டில் கையை வைத்தால் போதும். பின்னணி வேறு சுரத்துக்கு மாறிற்றா? கையும் அவ்வளவு தொலைவு நகர்ந்தால் போதும். எந்தச் சுரத்தைத் தொட்டாலும் காதை உறுத்துவதில்லை. பெற்றோர் வியக்கின்றனர், நண்பர் கைதட்டுகின்றனர்.

இங்கேதான் முதல் சிக்கல் தோன்றுகிறது. ஐந்து சுரங்களுக்குள் நின்றுகொண்டு, ஒன்றும் பிழைபடாமல் ஒரு மணி நேரம் வாசித்தவன் என்ன சொன்னான்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் விரல்கள் பழகிய வழியில் ஏறின. பழகிய வழியில் இறங்கின. அவனுக்குப் பதிலாக அமைப்பே வாசித்தது. தன் விருப்பம் போல் வாசித்ததாக அவன் எண்ணுகிறான். உண்மையில் அவன் எதையும் விரும்பவில்லை. எதையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. விதியை மீறாதிருத்தல் வேறு, நன்மை செய்தல் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. அண்டை வீட்டார்க்கு ஒரு நாளும் தீங்கு செய்யாதவன், அவ்வீட்டில் நோயுற்றவர் கிடந்தபோது எட்டிப் பார்க்கவும் இல்லை என்றால், அவனை யாரும் குற்றவாளி என்னார். நல்லவன் என்றும் சொல்லத் தயங்குவர்.

வெண்பாப் பயிற்சி அளித்த ஆசிரியர் எவரும் இதனை உடனே உணர்வர். சீரும் தளையும் சிறிதும் வழுவாமல், ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முறையாக முடிய, மாணாக்கன் ஒருவன் எழுதிக் கொணரும் வெண்பாவில் குறை கூற இடமிராது. கவிதையும் இராது. ஆயினும் அவனை நோக்கித் தளையை விட்டுவிடு என்று எந்த ஆசிரியரும் சொல்லார். ஈற்றடியைப் பிறர் கொடுக்க, அந்த அடியை நோக்கியே மேலே மூன்று அடிகளை அக்கணமே கட்டி முடித்த ஆசுகவிகள் இந்த மொழியில் வாழ்ந்தனர். பிறர் கொடுத்த அடியும், தாமே ஏற்ற யாப்பும் அவர்களுடைய நாவைக் கட்டிவிடவில்லை. எங்கே செல்ல வேண்டும் என்பது முன்பே உறுதியானதால், எவ்வழியே செல்வது என்பதில் அவர்தம் உள்ளம் முழுவதும் ஈடுபட்டது. பின்னணிப் பதிவின் சுரக்கூட்டுகளும் ஏறக்குறைய அந்த ஈற்றடி போன்றவையே. நான்காம் தாளக்கூறு முடிந்ததும் எந்தச் சுரக்கூட்டு வரப்போகிறது என்பது வாசிப்பவனுக்குத் தெரியும். அதனை எப்படிச் சந்திப்பது என்பது மட்டுமே அவன் கையில் உள்ளது.

விதிக்கு இவ்வளவு சிறப்பு உண்டென்றால், விதியை மீறியதனால் பிறந்த அழகுகளை என்னென்பது? இவ்வினாவுக்குப் புளூஸ் என்னும் இசையே தக்க களம். அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைத்தளை சட்டத்தால் நீக்கப்பட்ட பின்னரும் வறுமையும் இழிவும் நீங்கப்பெறாத கறுப்பின மக்களிடையே பிறந்த இசை அது. பன்னிரண்டு தாளக்கூறுகளும் மூன்று சுரக்கூட்டுகளுமே அதன் பொதுவான அமைப்பு. ஏ என்னும் சுரத்தில் அமைந்த புளூஸை எடுத்துக்கொண்டால், முதல் நான்கு கூறுகள் ஏ சுரக்கூட்டில் நிற்கும். பின் இரண்டு கூறுகள் டி. மீண்டும் இரண்டு ஏ. அப்பால் இ ஒன்று, டி ஒன்று. இறுதி இரண்டும் வீடு திரும்பும். இந்த ஏ சுரக்கூட்டு மேஜர் தன்மையுடையது. அதன் உள்ளே சி ஷார்ப் என்னும் சுரம் ஒலிக்கிறது. அதன்மேல் கித்தார் வாசிப்பவனோ, மைனர் ஐந்து சுர வரிசையிலிருந்து சி என்னும் சுரத்தை எடுத்து வாசிக்கிறான். அரைச்சுரத் தொலைவில் இரண்டும் மோதுகின்றன. பாடநூலின்படி இது முரண். காதின்படி இதுவே புளூஸின் உயிர்.

இன்னும் நுட்பமாகப் பார்த்தால், தேர்ந்த புளூஸ் கலைஞர் சி என்னும் அச்சுரத்திலும் நிற்பதில்லை. தந்தியை விரலால் சிறிதே வளைத்து, மைனரின் மூன்றாம் சுரத்துக்கும் மேஜரின் மூன்றாம் சுரத்துக்கும் இடையில், பியானோவின் எந்தக் கட்டையிலும் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்துகிறார். துயரம் என்றும் சொல்ல இயலாத, மகிழ்ச்சி என்றும் சொல்ல இயலாத ஓர் இடம் அது. ஐரோப்பிய இசையிலக்கணம் அம்மக்களைக் கேட்டு எழுதப்பட்டதன்று. அவர்தம் வாழ்வின் உண்மையைச் சொல்ல அந்தப் பன்னிரண்டு இடங்களும் போதவில்லை. ஆகவே இரண்டு இடங்களுக்கு நடுவே ஓர் இடத்தைக் கண்டனர். பின்னர் வந்த இலக்கண நூலோர் அதற்கு 'நீலச் சுரம்' என்று பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டனர். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பும் வேலை அங்கும் அவ்வாறே நிகழ்ந்தது.

இதனைக் காட்டி, விதியை மீறுதலே மேதைமை என்று வாதிடும் இளைஞர் உண்டு. அவ்வாதம் நிலைக்காது. வளைத்த தந்தி ஒரு மயிரிழை குறைந்தால் சுருதி பிசகியது போல் ஒலிக்கும். மிகுந்தால் புளூஸின் நிறம் போய்விடும். அந்த இடத்தை அடையப் பல ஆண்டுகள் காதைப் பழக்கியிருத்தல் வேண்டும். எழுதப்பட்ட விதியை விட்டவர், அதனினும் கடுமையான, எழுதப்படாத விதி ஒன்றுக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டார் என்பதே உண்மை. உழைப்புக்கு அஞ்சி விதியை விடுபவனும், உண்மையை நாடி விதியைக் கடப்பவனும் வெளித்தோற்றத்தில் ஒருவரைப் போலவே இருப்பர். பள்ளிக்கூடங்களில் இவ்விருவரையும் பிரித்தறிவதற்குள் ஆசிரியருக்கு ஆண்டு முடிந்துவிடுகிறது என்பது வேறு செய்தி.

இனிச் சூழல் பற்றிய வினா. மேலே கூறியவாறு சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் சுரங்கள் ஒன்றே. ஒரே சொற்றொடர் போன்ற நான்கைந்து சுரங்களை எடுத்து, சி மேஜரில் அமைந்த பின்னணியின்மேல் வாசித்தால், காலை வெயிலில் கதவைத் திறந்தது போலிருக்கும். விரல் ஒன்றையும் மாற்றாமல், அதே சுரங்களை ஏ மைனர் பின்னணியின்மேல் வாசித்தால், அதே கதவு யாரோ பிரிந்து போனபின் மூடப்பட்டது போலத் தோன்றும். கித்தார் மாறவில்லை, வாசித்தவன் மாறவில்லை, அடித்தளம் மட்டுமே மாறிற்று. அப்படியாயின், நல்ல சுரம், தீய சுரம் என்று தனியே ஒன்று இல்லையோ? அவ்வாறே நற்செயல், தீச்செயல் என்றும் தனியே இல்லையோ? எல்லாம் சூழலைப் பொறுத்தது என்று சொல்லிக் கைகழுவிவிடலாமோ?

அவ்வளவு விரைவில் அம்முடிவுக்கு வருதல் தகாது. பின்னணி மாறியபோது மாறாதது ஒன்று உண்டு. அச்சுரங்களுக்குள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள தொலைவு அப்படியே இருக்கிறது. மாறியது வீட்டுக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு. மெய்யான சொல் ஒன்றைத் தேர்வில் தோற்ற மாணவனிடம் தனியே சொல்வதும், அதே சொல்லை வகுப்பார் நடுவே சொல்வதும் ஒன்றாகா. சொல்லின் மெய்மை இரண்டிடத்தும் குன்றவில்லை. எனினும் ஓரிடத்தில் அது மருந்து, மற்றோரிடத்தில் அது கல். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுத்தபோது சொல்லின் விளைவையும் சேர்த்தே எண்ணினார் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். சூழலைப் பொறுத்தது என்பதன் பொருள் எப்படியும் நடக்கலாம் என்பதன்று. ஒவ்வொரு கணமும் அடியில் என்ன ஒலிக்கிறது என்று கேட்க வேண்டிய கடமை அதனால் மிகுகிறதேயன்றிக் குறையவில்லை. விரல் அமைப்பை மட்டும் நம்பி வாசிப்பவன் தவறுவது இந்தக் கடமையில்தான். அவனுடைய சுரங்கள் பிழையற்றவை. அவனுடைய செவி அடைத்திருக்கிறது.

கேட்டு வாசித்தாலும் பிழை நேரும். ஒலித்துவிட்ட சுரத்தைத் திரும்பப் பெற இயலாது. எழுத்தாளனுக்கு உள்ள அழிப்பான் இசைஞனுக்கு இல்லை. ஆனால் அடுத்த சுரம் இன்னும் அவன் கையில் இருக்கிறது. பிழையான சுரத்திலிருந்து ஓர் அரைச்சுரம் ஏறியோ இறங்கியோ பொருத்தமான சுரத்தை அடைந்தால், முன்னது வேண்டுமென்றே எழுப்பிய ஏக்கமாகவும், பின்னது அதன் நிறைவாகவும் கேட்பவர்க்குத் தோன்றும். கடந்தது மாறவில்லை. கடந்ததன் பொருள் மாறிற்று.

ஜாஸ் இசையின் பெருங்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் 1963-ஆம் ஆண்டு சேர்ந்த பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக், பிற்காலத்தில் பலமுறை சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த ஓர் இசைநிகழ்ச்சியில், டேவிஸ் தம் எக்காளத்தில் தனித்து வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹான்காக் முற்றிலும் பொருந்தாத ஒரு சுரக்கூட்டை அழுத்திவிட்டார். தம் செவியையே பொத்திக்கொள்ளத் தோன்றியது அவருக்கு. டேவிஸ் கணநேரம் நிறுத்தினார். பின்னர் அந்தச் சுரக்கூட்டே சரியென்று ஒலிக்குமாறு சில சுரங்களை எடுத்து வாசித்தார். டேவிஸ் அதனைப் பிழையென்று தீர்ப்பிடவில்லை, நடந்துவிட்ட ஒன்றாகவே ஏற்று அதற்கு மேல் செய்யத்தக்கதைச் செய்தார் என்பதைப் புரிந்துகொள்ளத் தமக்கு நெடுங்காலம் பிடித்தது என்று ஹான்காக் கூறுகிறார். மன்னிப்பு என்ற சொல் அங்கே எவர் வாயிலும் வரவில்லை. மன்னிப்பினும் பெரிய ஒன்று அங்கே நடந்தது.

இதே டேவிஸ் 1959-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பதிவு செய்த கைண்ட் ஆஃப் புளூ என்னும் இசைத்தட்டில், குழுவினர்க்கு முழுமையான இசைக்குறிப்பு தரப்படவில்லை. வரைபடம் போன்ற சிறு குறிப்புகளே தரப்பட்டன. அதன் முதல் பாடல் முப்பத்திரண்டு தாளக்கூறுகளில், மைனர் வகையைச் சேர்ந்த ஒரே ஒரு வரிசையைப் பதினாறு கூறுகளுக்கு நிறுத்தி, அடுத்த எட்டுக் கூறுகளுக்கு அதனை அரைச்சுரம் உயர்த்தி, இறுதி எட்டில் மீண்டும் பழைய இடத்துக்கே கொணர்கிறது. அவ்வரிசையின் சுரங்கள் நம் கரகரப்பிரியாவினுடையவை. விதி இத்துணை எளிதானபோது, கலைஞர் எதன் பின்னும் ஒளிந்துகொள்ள இயலாமற் போயிற்று. எளிய விதியே மிகுந்த பொறுப்பைச் சுமத்தும் என்பதற்கு அத்தட்டு ஒரு சான்று.

ஹான்காக்கின் பிழையை ஏற்றுக்கொள்ள அங்கே ஒரு டேவிஸ் இருந்தார். பின்னணிப் பதிவின்முன் தனித்திருக்கும் இளைஞனுக்கு யார் இருக்கிறார்?

இப்பதிவுகளின் வரலாறு ஒரு சொல்லில் அடங்கும். 1950-ஆம் ஆண்டு நியூயார்க்கில் இர்வ் கிராட்கா என்பவர், குழுவில் ஒரு கருவியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். விடுபட்ட கருவியை வாங்கியவர் தம் வீட்டிலிருந்து வாசித்து நிறைத்துக்கொள்வார். அந்நிறுவனத்தின் பெயர் மியூசிக் மைனஸ் ஒன். 1967-இல் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஜேமி ஏபர்சோல்ட், ஜாஸ் இசையில் கற்பனையாக வாசிக்கப் பழகுவோர்க்கெனத் தம் முதல் தட்டை வெளியிட்டார். அது நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகளாக வளர்ந்தது. இன்று கைப்பேசியைத் தொட்டாலே வேண்டிய சுரத்தில், வேண்டிய விரைவில் பின்னணி கிடைக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் விழா மேடைகளில் வாத்தியக் குழுவின்றிப் பாடுவோர் பயன்படுத்தும் பதிவுகளையும் 'மைனஸ் ஒன்' என்றே மக்கள் சொல்கின்றனர். ஒன்று குறைகிறது என்பது அச்சொல்லின் பொருள். குறைவது பாடகரின் குரல் என்று எல்லாரும் கருதுகின்றனர். உண்மையில் குறைவது கேட்கும் செவி.

பின்னணிப் பதிவு எதையும் கேட்பதில்லை. வாசிப்பவன் உருகினாலும் அது மெல்லொலிக்கு இறங்காது. அவன் வழி தவறினால் காத்து நிற்காது. அவன் ஓர் அரிய இடத்தை எட்டினால் மத்தளக்காரரைப் போல் தலையசைத்து ஒரு தட்டுக் கூட்டித் தட்டாது. அது கண்டிப்பதும் இல்லை. சாக்சபோன் மேதை சார்லி பார்க்கர் 1936-இல், பதின்பருவத்தில், கான்சாஸ் நகரின் ஓர் இரவு விடுதியில் தேர்ந்தவர்களோடு சேர்ந்து வாசிக்கத் துணிந்து வழி தவறியபோது, டிரம் கலைஞர் ஜோ ஜோன்ஸ் வெண்கலத் தட்டு ஒன்றைத் தரையில் எறிந்து அவரை மேடையிலிருந்து விரட்டினார் என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டுக் கோடையில் பார்க்கர் ஓசார்க் மலைப்பகுதிக்கு வேலைக்குச் சென்றபோது லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை உடன்கொண்டுபோய், ஒவ்வொரு சுரமாகக் கேட்டுக் கற்றார். அவமானத்தைத் தந்தது உயிருள்ள துணை. அறிவைத் தந்தது உயிரற்ற தட்டு. இரண்டில் ஒன்று இல்லாதிருப்பின் பிற்காலத்துப் பார்க்கர் உருவாகியிருப்பாரா என்பது எண்ணத்தக்கது. அந்தத் தண்டனை முறையை எந்த ஆசிரியரும் பின்பற்ற வேண்டியதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே பதிவின்முன் பழகுதல் வீண் என்று கூறுதல் பொருந்தாது. நம் இசை மாணாக்கர் தம்புராவின்முன் அமர்ந்து பழகுகின்றனர்; சுருதிப் பெட்டியும் எதையும் கேட்பதில்லை. எனினும் சுருதி அசையாது நிற்கிறது; துணைவன் போல் நடிப்பதில்லை. பின்னணிப் பதிவோ நடையும் தாளமும் உடையதாய், நான்கு பேர் கூடியிருப்பது போன்ற மயக்கத்தைத் தருகிறது. அம்மயக்கத்தை உணர்ந்தவனுக்கு அது நல்ல பயிற்சிக்களம். அங்கே பிழை நேர்ந்தவுடன் பதிவை நிறுத்தி முதலிலிருந்து தொடங்குபவன் ஒரு வகை. பிழையோடு தொடர்ந்து சென்று அடுத்த சுரத்தால் அதனை ஏற்க முயல்பவன் மற்றொரு வகை. எவரும் காணாத அறையில் இவ்விருவகையுள் எதனைத் தேர்ந்துகொள்கிறான் என்பதில் அவனுடைய கலை மட்டும் அடங்கியிருக்கவில்லை.

ஆயினும் அம்முறையில் ஒரு பெருந்தீங்கு உண்டு. அதனைப் பேசுவோர் குறைவு. பதிவின்முன் வாசிப்பவன் எப்பொழுதும் முதல்வன். கித்தாருக்கு முதன்மை இடம் கிடைத்ததே அண்மைக் காலத்தில்தான். பெரிய ஊதுகருவிக் குழுக்களில் அதன் மெல்லிய ஒலி கேட்காமையால், நெடுங்காலம் அது பின்னின்று தாளம் காட்டும் வேலையையே செய்துவந்தது. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், மின்னாற்றலால் ஒலி பெருக்கிய கித்தாரை எடுத்து ஊதுகருவிகளுக்கு நிகராக நிறுத்தினார். காசநோயால் 1942-இல், இருபத்தைந்தாம் வயதில், அவர் மறைந்தார். முதன்மையாய் வாசிப்பதற்கு வழிகாட்டிய அவரும், தம் முறை முடிந்ததும் மீண்டும் சுரக்கூட்டுகளை அடித்துப் பிறருக்குத் துணை நின்றவரே. மேடையில் முறை மாறும்; சற்றுமுன் பாடியவன் இப்பொழுது தாங்குகிறான். பதிவில் முறை மாறுவதில்லை. தாங்குபவர்கள் முன்னரே கூலி பெற்றுக்கொண்டு போய்விட்டனர். அவர்தம் பெயர்கூட வாசிப்பவனுக்குத் தெரியாது. ஒருவன் பத்தாண்டுகள் அவ்வாறு பழகினால், பிறரைத் தன் குரலுக்கு அமைந்த தரைவிரிப்பாக எண்ணும் பழக்கம் விரல்களோடு சேர்ந்து உள்ளத்திலும் ஏறிவிடும்.

இதற்குத் தடை ஒன்றை எழுப்பலாம். புளூஸ் கித்தாரின் தலைசிறந்தவருள் ஒருவரான பி.பி. கிங் (1925–2015), சுரக்கூட்டுகளை வாசிப்பதில் தமக்குத் திறமை இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். வாழ்நாள் முழுதும் அவர் முதன்மை வாசிப்பே வாசித்தார். அவரையும் தன்னலக்காரர் என்பதா? அவரைக் கேட்டோர் அவ்வாறு சொல்லார். அவர் பாடும்போது கித்தார் வாய்மூடியிருக்கும்; பாடல் நின்ற இடத்தில் கித்தார் மறுமொழி சொல்லும். லூசில் என்று பெயரிட்ட அக்கருவியில், மேஜர் வரிசையையும் மைனர் வரிசையையும் கலந்து, பிறர் இருபது சுரங்களில் சொல்வதை மூன்று சுரங்களில் சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளியில் குழுவினர் கேட்கப்பட்டனர். துணை நிற்றலுக்குச் சுரக்கூட்டு அடித்தல் ஒன்றே வழி என்பதில்லை. இடம் விடுதலும் துணை நிற்றலே.

இடம் விடுதல் எவ்வளவு அரிது என்பதை, பதிவின்முன் வாசிக்கும் இளைஞனிடம் நான்கு தாளக்கூறுகள் வாளாவிரு என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். இரண்டாம் கூற்றிலேயே விரல் துடிக்கும். கேட்பவர் எவரும் இல்லாதபோது யாருக்காக மௌனம் காப்பது என்று அவன் கேட்பான். அக்கேள்வி நேர்மையானது. அதற்கு விடை, அந்த நான்கு கூறுகளில் அவன் முதன்முறையாகப் பதிவிலுள்ள பேஸ் கித்தாரின் நடையைக் கேட்கக்கூடும் என்பதே. இதுவரை அதன்மேல் நடந்திருக்கிறான், அதனை நோக்கியதில்லை.

ஏபர்சோல்டின் தட்டுகளில் இதற்கு உதவும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒலிபெருக்கியின் ஒரு பக்கத்தில் பேஸும் டிரம்மும், மறுபக்கத்தில் பியானோவும் டிரம்மும் பிரித்துப் பதியப்பட்டுள்ளன. குமிழை ஒரு பக்கமாகத் திருப்பினால் பியானோ மறைந்துவிடும். அப்பொழுது கித்தார் வாசிப்பவன் பியானோவின் இடத்தில் அமர்ந்து, இல்லாத ஒருவருக்காகச் சுரக்கூட்டுகளை மெல்ல அடித்துக்கொண்டு, பாடல் முடியும் வரை ஒரு தனிச்சுரமும் எடுக்காமல் பழகலாம்.